மூன்றாம் திசைக்கு எந்த அளவுகோல்?

கோயம்புத்தூர் பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்கிறவர்களின் ஸ்கேலைக் கடையில் வாங்கிய ஸ்கேலோடு ஒட்டி வைத்தால் கோடுகள் பொருந்தி வரமாட்டா. வார்ப்பிரும்புக்கென்று வைத்திருக்கும் கோலில் ஒரு மீட்டர் என்பது உண்மையான மீட்டரைவிடச் சுமார் 10 மில்லிமீட்டர் கூடுதல். உருக்கி ஊற்றிய இரும்பு இறுகி ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கோலில் ஏற்றிவிடுகிறார்கள். அலுமினியத்துக்கு வேறு கோல். எஃகுக்கு இன்னும் நீட்டமான கோல்; எஃகு வார்ப்பு மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடியது. வேண்டுமென்றே தப்பாக அளக்கும் ஒரு கோலை வைத்துக்கொண்டுதான் சரியான அளவில் பம்பு உடலை வார்த்தெடுக்கிறார்கள் என்று இதைச் சொல்லலாம். எந்த உலோகத்துக்கு எவ்வளவு தப்பு என்பது கோலிலேயே பொறித்திருக்கும். பொறித்திருக்கும் வரை யாரும் ஏமாறுவதில்லை. பொறிக்காத கோல் ஒன்று பட்டறைக்குள் வந்துவிட்டால்தான் வம்பு.

முப்பரிமாணப் பொருளைத் தட்டையான தாளில் வரைவதும் இப்படி ஒரு கோலை நம்பிச் செய்கிற வேலை. நீளத்துக்கும் உயரத்துக்கும் தாளில் இடம் உண்டு. மூன்றாவது திசைக்கு இடமே கிடையாது. அதை ஓர் ஓரமாகச் சாய்த்து, நீளத்தைக் குறைத்து, எப்படியாவது ஒண்டவைக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு குறைப்பது என்பது வரைகிறவரும் பார்க்கிறவரும் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. கணிதப் புத்தகங்களும் ஆய்வேடுகளும் அச்சுக்கோக்கப்படும் டெக், லேட்டெக் மென்பொருள்களில் ஒரு வெக்டரை மூன்று எண்களால் வரையறுத்து அம்பாக வரையும் வசதி வந்தபோது, அதைக் கணினி கொண்டுவந்த புதுமை என்று எடுத்துக்கொண்டவர்களே அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேட்டர்ன் கூடமும் கல்லூரி டிராயிங் ஹாலும் அச்சகமும் பல பத்தாண்டுகளாகக் கையாண்டுவந்த அதே ஏற்பாடுதான் அங்கேயும் நடக்கிறது. மென்பொருள் கூட்டியது ஒன்றுண்டு: கைப்பழக்கமாக, சொல்லாமல் கிடந்த அந்த ஏற்பாட்டை எண்ணாக எழுதித் தரும்படி வரைகிறவரைக் கட்டாயப்படுத்தியது. கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது நன்றாகவே புலப்படும்.

கொங்கு நாட்டுக்கு இந்த ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் கிணறு. மழை குறைவு, பாறைக்கடியில் ஆழத்தில் தண்ணீர். மாடு பூட்டிக் கவலை இறைத்து மீண்ட பூமி இது. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. அவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியதும், மோட்டாரும் பம்பும் இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்விக்குப் பட்டறைகளிடம் பதில் இருந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் கீழ் உருவான தொழிற்கூடம் முதலாகப் பலர் அதில் இறங்கினார்கள். பம்பின் உடலோ லேசில் வரைபடத்துக்கு அடங்குவதில்லை. நத்தை ஓடு மாதிரி சுருண்டு, தண்ணீர் வெளியேறும் வாயை நோக்கிப் போகப் போக உள்வெளி அகன்றுகொண்டே போகும். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்ற மூன்று படங்களும் அந்தச் சுருளின் வயிற்றைச் சொல்லமாட்டா. 45 பாகைக்கு ஒன்றாக வெட்டி, எட்டு வெட்டுமுகங்களைத் தனித்தனியே வரைந்து கொடுக்க வேண்டும். பேட்டர்ன்காரர் அவற்றைத் தகட்டில் வெட்டி, மரத்தை அதற்கேற்பக் குடைந்து சேர்ப்பார். தாளில் இல்லாத திசை மரத்தில்தான் வந்து உட்கார்ந்தது. வரைபடம் சொன்னது எண்களை மட்டுமே. உருவத்தை மனத்துக்குள் எழுப்பிக்கொண்டது பேட்டர்ன்காரர்.

இந்தத் திறமையைக் கைத்தொழிலாக மட்டும் விட்டுவைக்காமல் பாடமாக்கியது கல்லூரிகள். 1939இல் பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக், 1945இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியோடு பிறந்து பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆன ஆர்தர் ஹோப் கல்லூரி, 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் என்று ஒரே ஊரில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றிலும் முதலாண்டு மாணவரை மிரட்டிய பாடம் இன்ஜினியரிங் டிராயிங். (மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்கும் பையனைப் பார்த்தாலே இன்ஜினியரிங் முதல் வருஷம் என்று ஊர் சொல்லிவிடும்.) அந்தப் பாடத்தில் முதலில் வருவது, பொருளைப் பார்க்கிறவருக்கும் திரைக்கும் நடுவே வைத்து வரையும் முதற்கோண வீழல், இந்தியத் தர அமைவனம் 1988இல் கல்வி நிலையங்களுக்கென வெளியிட்ட நெறிநூலும் அதையே பின்பற்றச் சொன்னது. மேல்தோற்றம் படத்தின் கீழே வருவது இதனால்தான். புதிதாகப் படிக்கிறவருக்கு அது தலைகீழாகத் தெரியும். ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டபின் தெரியாது. அடுத்து வருவது ஐசோமெட்ரிக். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபேரிஷ் இயந்திரங்களைத் தன் மாணவர்களுக்கு விளக்க வழி தேடி, 1822இல் முறைப்படுத்தி எழுதியது அது. மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் விரிந்து நிற்கும். மூன்றிலும் நீளம் ஒரே விகிதத்தில், 0.816 மடங்காகக் குறையும். அதற்கென்று தாளின் ஓரத்தில் மாணவர் தனியாக ஒரு கோல் வரைந்துகொள்ள வேண்டும். வினாத்தாளில் ஐசோமெட்ரிக் புரொஜக்‌ஷன் என்று கேட்டால் அந்தக் கோலால் அளக்கவேண்டும். ஐசோமெட்ரிக் வியூ என்று கேட்டால் முழு நீளத்தை அப்படியே போடலாம், படம் நூற்றுக்கு இருபத்திரண்டு சொச்சம் பெரிதாக வரும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு மதிப்பெண்ணா என்று சலித்துக்கொள்ளும் மாணவரிடம் பேட்டர்ன்காரரின் ஸ்கேலைக் காட்டினால் போதும்.

அச்சகத்துக்கு வருவோம். வரைந்த படம் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் அது அச்சகத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அறிவியலைத் தமிழில் அச்சிடும் ஆசை கொங்கு வட்டாரத்துக்குப் பழையது. 1916இலேயே சேலத்தில், அப்போது அங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் வைத்து இதழும் நடத்தினார்கள். 1940களின் இறுதியில் கோவையில் ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய ‘கலைக்கதிர்’ அறிவியலுக்கென்றே வந்த மாத இதழ், பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வரும் அவரே. 1960இல் கல்லூரிப் பட்டப்படிப்பில் தமிழைப் பயிற்றுமொழியாக்கிப் பார்க்க அரசு தேர்ந்தெடுத்ததும் கோவை அரசு கலைக் கல்லூரியைத்தான். ஆசைக்கும் சொல்லுக்கும் குறைவில்லை, படம்தான் இடித்தது. ஈய எழுத்தைக் கேஸிலிருந்து பொறுக்கிக் கோத்த காலத்தில் கம்போசிட்டரால் ஒரு சாய்கோட்டைக்கூடக் கோக்க முடியாது. படம் என்றால் ஓவியர் மையில் வரைந்து, அதைப் போட்டோ எடுத்து, துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்து ‘பிளாக்’ ஆக வரவேண்டும். படத்துக்குள் வரும் எழுத்தையும் ஓவியரே எழுதவேண்டும், அல்லது அச்சடித்த துண்டை வெட்டி ஒட்டவேண்டும். அம்பின் சாய்வு ஓர் இழை தவறினால் திருத்த வழியில்லை, புது பிளாக்தான். ஆகவே சூத்திரம் கம்போசிட்டரிடமும் அதை விளக்கும் படம் ஓவியரிடமும் பிரிந்து கிடந்தன. ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. படத்தின் மூன்றாவது அச்சு எந்த விகிதத்தில் குறைக்கப்பட்டது என்பது ஓவியரோடு போய்விடும். புத்தகத்தில் எங்கும் பதிவாகாது. (அச்சு எழுத்தும் ஒரு வார்ப்புத்தான் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஈயத்தோடு ஆண்டிமணி சேர்த்தது கடினத்துக்காக மட்டுமல்ல, ஆறும்போது சுருக்கம் குறையவும்தான். ஒரே தொல்லையைப் பேட்டர்ன்காரர் கோலில் தீர்த்தார், எழுத்து வார்ப்பவர் உலோகக் கலவையில் தீர்த்தார்.)

வெக்டர் என்ற கணிதப் பொருளும் பிறந்தது முதலே அச்சகத்தோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அயர்லாந்தின் ஹாமில்டன் 1843இல் கண்ட குவாட்டர்னியன்களிலிருந்து கிளைத்த இதை, 1873இல் மேக்ஸ்வெல் தம் மின்காந்த நூலில் ஜெர்மானிய எழுத்துகளால் குறித்தார். படிக்கவும் சிரமம், கையால் எழுதவும் சிரமம். ஹெவிசைடு அதைத் தள்ளிவிட்டு, அச்சகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் கிளாரண்டன் என்ற தடித்த எழுத்தை எடுத்தார். கிப்ஸின் பாடங்களை வைத்து 1901இல் வில்சன் எழுதிய நூலும் தடித்த எழுத்தையே நிலைநிறுத்தியது. நம் பாடநூல்களோ தலைமேல் அம்புக்குறி போடும் வழக்கத்தில் நின்றுவிட்டன. பெயரிலும் வழக்கு ஒன்றில்லை. தமிழ்நாட்டில் வெக்டர், சிலர் எழுத்தில் திசையன், இலங்கையில் காவி. காவி என்றதும் நம்மவருக்கு நிறம் நினைவுக்கு வரும். ஆனால் காவுதல் என்றால் தோளில் சுமத்தல், காவடியில் இருப்பதும் அந்தச் சொல்லே. லத்தீனில் வெக்டர் என்றாலும் சுமப்பவர் என்றே பொருள். பழனிக்குக் காவடி போகும் நாட்டில் இந்தச் சொல் பிடிபடாமல் போனது ஆச்சரியந்தான்.

இந்தப் பின்னணியில் டெக்கைப் பார்க்கவேண்டும். ஸ்டான்போர்டில் டொனால்டு நூத் 1977இல், தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த ஒளியச்சுப் புரூஃப் கண்ணுக்குப் பொறுக்காமல், தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுதத் தொடங்கினார். சூத்திரத்துக்கு அது தீர்வாயிற்று, படத்துக்கு இல்லை. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டிய லேட்டெக்கில் படம் வரைய ஒரு சூழல் இருந்தது. அதில் அம்புக்கு இட்ட கட்டளைப் பெயரே வெக்டர்தான். பெயர் பெரிது, வசதி சின்னது: அம்பின் சாய்வை இரண்டு முழு எண்களால் சொல்லவேண்டும், அவை நான்கைத் தாண்டக் கூடாது, அம்பில்லாத கோட்டுக்கு ஆறு வரை போகலாம். சாய்கோட்டுத் துண்டுகளும் அம்பு முனைகளும் எழுத்துகளைப் போல ஃபான்ட்டுக்குள் முன்பே செய்து வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். கம்போசிட்டரின் கேஸ் மறுபடி வந்துவிட்டது. அறையில் இருக்கிற சாய்வைத்தான் பொறுக்க முடியும். ஐசோமெட்ரிக் அச்சுக்கு வேண்டிய 30 பாகை அங்கே கிடைக்காது. கோடானால் ஐந்துக்கு மூன்று என்று போட்டு 31 பாகைக்கு அருகில் வரலாம். அதன் நுனியில் அம்பு வேண்டுமென்றால் இரண்டுக்கு ஒன்று என்று 26.6 பாகைக்கு இறங்க வேண்டியதுதான். 1984இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி எந்தச் சாய்விலும் கோடு இழுக்கத் தெரிந்தது. அதன் தோளில் ஏறி 1990களில் வான் ஸாண்டின் பிஎஸ்டிரிக்ஸும் ஜான் ஹாபியின் மெட்டாபோஸ்ட்டும் வந்தபிறகுதான் இந்தக் கேஸ் உடைந்தது.

இன்று பெரும்பாலோர் கையாளும் டிக்ஸெட், ஜெர்மனியின் டில் டான்டாவ் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காக எழுதத் தொடங்கிய நிரலிலிருந்து வளர்ந்தது. அவர் பட்டம் பெற்றது 2003இல். ‘டிக்ஸெட் ஒரு வரைமென்பொருள் அல்ல’ என்பதே அந்தப் பெயரின் விரிவு என்பது அவர் வைத்த வேடிக்கை. அதில் ஒரு புள்ளியை இரண்டு எண்ணால் சொல்லலாம், மூன்று எண்ணாலும் சொல்லலாம். மூன்றாவது எண்ணைத் தந்தால் என்ன செய்யும்? எக்ஸ் அச்சின் ஓர் அலகு வலப்பக்கம் 1 செ.மீ., ஒய் அச்சின் ஓர் அலகு மேலே 1 செ.மீ., இசட் அச்சின் ஓர் அலகு இடப்பக்கம் 0.385, கீழே 0.385 செ.மீ. என்று அது வைத்திருக்கிறது. அதாவது 45 பாகைச் சாய்வு, சுமார் 0.54 மடங்கு நீளம். ஆழத்தைப் பாதியாக்கி 45 பாகையில் சாய்க்கும் ‘கேபினெட்’ சாய்வீழலை டிராயிங் ஹாலில் பயின்றவர்கள் இதைப் பார்த்ததும் பழைய ஆள் என்று கண்டுகொள்வார்கள். (3, 4, 2) என்ற புள்ளியைக் கொடுத்தால், 3-லிருந்தும் 4-லிருந்தும் 0.77 கழிந்து, தாளில் வலப்பக்கம் 2.23 செ.மீ., மேலே 3.23 செ.மீ. தள்ளி விழும். ஆனால் ஆழமே இல்லாத (2.23, 3.23, 0) என்ற புள்ளியும் அதே இடத்தில்தான் விழும். இவை இரண்டு மட்டுமா? பார்வைக்கோட்டில் வரிசையாக நிற்கும் எண்ணற்ற புள்ளிகள் தாளில் ஒரே பொட்டாகிவிடுகின்றன. வெக்டரின் நுனியிலிருந்து அடித்தளத்துக்குப் புள்ளிக்கோடு இறக்கி, அங்கிருந்து அச்சுகளுக்கு இரண்டு கோடுகள் இழுக்கும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். அலங்காரம் என்று நினைத்து அதை விட்டுவிடுகிற படத்தில், அம்பு எங்கே போகிறது என்று யாராலும் சொல்லமுடியாது. பம்பு உடலுக்கு எட்டு வெட்டுமுகம் கேட்ட பேட்டர்ன்காரர் கேட்டதும் இதைத்தான்: படம் போதாது, இன்னும் எண் கொடு.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது: எந்தப் பேட்டர்ன்காரரும் டெக்கைத் தொட்டதில்லை, டெக் எழுதியவர் எவரும் கோவையின் பீளமேட்டைப் பார்த்ததில்லை, இரண்டையும் முடிச்சுப் போடுவது எழுத்தாளரின் கற்பனை என்று சொல்லலாம். வம்சாவளி எதையும் நான் கோரவில்லை. ஒரே தொல்லைக்கு வெவ்வேறு கூடங்களில் ஒரே மாதிரி தீர்வு கண்டார்கள் என்பதுதான் சொல்லப்படுவது. தவிர, இந்த ஊரில் இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. பவுண்டரிக்கு ஆள் தேவைப்பட்டதால் வளர்ந்த கல்லூரிகளில் ஐசோமெட்ரிக் கோலைப் பழகிய அதே கைதான் பிறகு ஆய்வேட்டுக்குப் படம் போட உட்கார்கிறது. இரண்டாவது மறுப்பு கனமானது: பட்டறைகள் கணினியில் வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளுக்கு எப்போதோ போய்விட்டன, அங்கே பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், மறைந்த கோட்டைக் கணினியே நீக்கும், பேட்டர்னைக்கூட இயந்திரமே குடைந்து தரும். டிக்ஸெட்டோ ஆழம் அறியாதது. பின்னால் எழுதிய கோடு முன்னால் எழுதிய கோட்டின்மேல் ஏறும், அவ்வளவே. எது மறையும், எதைப் புள்ளிக்கோடாகப் போடுவது என்று வரைகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 2004இல் வந்த அசிம்ப்டோட் அந்த மறைவையும் கணக்கிட்டுத் தருகிறது என்பதால், டிக்ஸெட்டில் மல்லாடுவது வீண் வேலை என்பார்கள். பொருளைச் செய்வதற்கு இது முற்றிலும் சரி. பம்பு உடலை டிக்ஸெட்டில் வரைகிறவர் நேரத்தை வீணடிக்கிறார். ஆனால் பாடநூலில் வரும் வெக்டர் செய்வதற்கான பொருளில்லை, விளக்குவதற்கான குறி. அங்கே மாணவருக்குத் தெரியவேண்டியது, எந்தத் திசை எங்கே சாய்க்கப்பட்டது என்பதே. கேட் திரையில் சுட்டியால் சுழற்றி நிறுத்திய கோணம் படத்தில் அப்படியே உறைந்துவிடும். அந்தக் கோணம் எது என்று படம் வாய் திறக்காது. டிக்ஸெட்டுக்காக ஜெஃப் ஹைன் எழுதிய முப்பரிமாணத் துணைத்தொகுப்பில் பார்வையின் இரண்டு கோணங்களையும் முதல் வரியிலேயே எண்ணாகத் தந்தாகவேண்டும். 54.74, 45 என்று தந்தால் கச்சிதமாக ஐசோமெட்ரிக் வரும், 0.816 கோலோடு. கோலின்மேல் அளவைப் பொறித்து வைப்பது என்றால் இதுதான். பிளாக் காலத்து ஓவியர் தம்மோடு எடுத்துப்போன விவரம் இப்போது கோப்புக்குள் இருக்கிறது. பத்தாண்டு கழித்து இன்னொருவர் திறந்து ஓர் எண்ணை மாற்றினால் படம் மாறும்.

தமிழ்ப் படத்துக்கு இது கைகூட இன்னொரு தடையும் விலகவேண்டியிருந்தது. ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வொரு குறியாக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவரை, அம்பின் நுனியில் ‘விசை’ என்று எழுதினால் அடுத்த கணினியில் அது வேறு ஏதோ குறிகளாக விழும். 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட ஸீடெக் யூனிகோடு எழுத்தை நேரடியாக ஏற்றது. 2010 ஜூனில் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. கட்டடவியலும் இயந்திரவியலும் தமிழில் படிக்க அண்ணா பல்கலைக்கழகம் வகுப்பு தொடங்கியதும் அதே ஆண்டு. இப்போது சூத்திரத்தையும் அம்பையும் அம்பின் பெயரையும் ஒரே ஆள், ஒரே கோப்பில், தமிழிலேயே கோக்கலாம். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டியிருக்கிறது. டிக்ஸெட்டின் வழக்கத்தில் மேலே போவது ஒய், நம்மை நோக்கி வருவது இசட். நம் பாடநூல்களில் நம்மை நோக்கி வருவது எக்ஸ், வலப்பக்கம் போவது ஒய், மேலே எழுவது இசட். ஆகவே படத்தின் முதல் வரியில் எக்ஸுக்கு (-0.385, -0.385), ஒய்க்கு (1, 0), இசட்டுக்கு (0, 1) என்று மாற்றி எழுதிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். மூன்றும் வரிசை குலையாமல் ஓர் இடம் தள்ளிப்போவதால் வலக்கை விதிக்குக் குந்தகமில்லை. அவசரத்தில் இரண்டை மட்டும் இடம் மாற்றிவிட்டால், குறுக்குப் பெருக்கத்தின் அம்பு ஒரு பக்கம் போக, வலக்கைக் கட்டைவிரல் நேர் எதிர்ப்பக்கம் காட்டும். தோட்டத்துக் கிணற்றில் த்ரீ ஃபேஸ் மோட்டார் மாட்டுகிறவருக்கு இதைப் புத்தகத்தில் படிக்கவேண்டியதில்லை. மூன்று ஒயரையும் முறையாகத் தள்ளிக் கொடுத்தால் மோட்டார் பழையபடியே சுற்றும். இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுற்றும், பம்பு ஒழுங்காகத் தண்ணீர் தள்ளாது.